ஐந்து நட்சத்திரக்காரர்

எங்கள் அம்மா சம்மாட்டி வீட்டுப் பெண். சொந்தமாகப் படகு வைத்து ஆள் நடத்திய குடும்பம். எந்தக் காரியமானாலும் தலைமையில் இருப்பவரிடம்தான் போய்க் கேட்பாள். மாதா கோயிலில் ஒரு பூசை சொல்ல வேண்டுமென்றாலும் உபதேசியாரைத் தாண்டி நேரே சாமியாரிடம் போய் நிற்பாள். அந்தக் குணம் எனக்கும் உண்டு. அதில் எனக்கு வெட்கமில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கப்பல் வேலைக்கென்று சிங்கப்பூர் போனவர். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் என்பதால் அம்மா அவரிடம் கேட்டாள், மெழுகுதிரி ஏற்றினாள், உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டாள். அவர் அசையவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு: படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். கேட்டது கிடைத்தால்தான் மறுபடி முகம் தெரியும். அப்படி எங்கள் அந்தோணியார் சுவரைப் பார்த்திருந்த காலத்தில்தான் அமெரிக்க ஜெனரல் வந்து சேர்ந்தார்.

அப்பா துறைமுகத்தில் சரக்கு வள்ளம் ஓட்டினார். கப்பல்காரன் ஒருவன் கழித்துப் போட்ட படப் புத்தகத்தை ஒருநாள் கொண்டுவந்தார். அதில் ஒரு பெரியவர். சட்டைக் காலரில் ஐந்து நட்சத்திரம், வட்டமாக. படித்தவர்களிடம் அப்பா விசாரித்திருந்தார். அந்தப் பட்டாளத்தில் அப்படி நாலே பேர்தானாம், அதற்கு மேல் பதவியே இல்லையாம், ஜப்பான்காரனை அடித்து விரட்டுகிறவர் இவராம். அம்மா கத்தரியை எடுத்தாள். படத்தை வெட்டி அந்தோணியாருக்குப் பக்கத்தில் ஒட்டி, திரியையும் இவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஏளா, அவனுக்குத் தமிழ் தெரியுமா?" என்று அப்பா சிரித்தார்.

"அந்தோணியாருக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் அம்மா.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்து வீடு மந்திரிக்க வந்த சாமியார், முதுகு காட்டி நின்ற புனிதரையும் நேரே பார்த்த பட்டாளத்துக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். இவருக்கு மேல் யாருமே கிடையாது என்று சிறுபிள்ளையான நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"இவருகிட்ட என்னம்மா கேட்ட?" என்றார் அம்மாவிடம்.

"என் தம்பியத்தான் சாமி."

அவர் தீர்த்தத்தை எங்கும் தெளித்தார். ஜெனரல் மேலும் இரண்டு சொட்டு விழுந்தது.

மாதா திருவிழாப் பந்தலைப் பிரித்து முடிக்குமுன்னே சண்டை நின்றுவிட்டது. துறைமுகத்தில் கப்பல்களெல்லாம் சங்கு ஊதின. எனக்கு ஜெனரல் மேல் நம்பிக்கை ஏறிவிட்டது. மாதங்கள் கழித்து ஒரு காலையில், சிங்கப்பூரில் மாமாவோடு இருந்தவர் என்று மெலிந்த மனிதர் ஒருவர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மாமா குளிக்கும்போதுகூடக் கழுத்திலிருந்து கழற்றாத, மாதா படம் தைத்த துணி உத்தரியத்தை அம்மா கையில் வைத்தார். அம்மா கையை மூடிக்கொண்டாள். அவர் போனதும் ஜெனரலைக் கிழியாமல் உரித்து எடுத்தாள். பிறகு அந்தோணியாரை முன்பக்கம் திருப்பி, அவர் முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

எனக்கு அது போதாதா? தெருவுக்கு ஓடினேன். "மாமா வாராவ, அஞ்சு நட்சத்திரக்காரரு கூட்டிட்டு வாராரு" என்று வீடு வீடாகச் சொன்னேன். உத்தரியம் முன்னாலேயே வந்துவிட்டது என்றும் சொன்னேன். கேட்ட பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். மாமாவை வரவேற்க இத்தனை பேரா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.