கட்டிலுக்கடியில் மாப்பிள்ளை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவள் எல்லோருக்கும் பெரியக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆளும் வாட்டசாட்டம், குரலும் அதற்கேற்ற மாதிரி. துவைக்கிற இயந்திரங்கள் உறுமிக்கொண்டே இருக்கும் இடத்தில் கத்தினால்தான் பேச்சு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சாவியைக் காணோம் என்றால் சாவியையே அதட்டிக் கூப்பிடுவாள்.

வீட்டுக்கு மூத்தவள். தம்பி தங்கைகளை ஆளாக்கி ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, அவளுக்கென்று கல்யாணப் பேச்சை எடுக்க யாரும் மிச்சமில்லை. அதைச் சொல்லி அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியது கிடையாது. இரண்டாவது மாடியில் ஓர் அறை, சின்ன சமையலறை, ஒரு கட்டில், ஒரு ரேடியோ. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. மதியம் வேலை முடிந்து வந்ததும் வெறுந்தரையில் கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அடுத்த வீட்டில் புருஷன், பெண்சாதி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. அவனுக்கு மேசை நாற்காலி விற்கும் கடையில் வேலை. வெளியில் பார்த்தால் தங்கமான பிள்ளை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் பெரியக்காவின் பையை வாங்கிக்கொண்டு மேலே வந்து கொடுத்துவிட்டுத்தான் போவான். ஆனால் சில சாயங்காலங்களில் நடுச்சுவர் வழியாக அவன் குரல் ஏறும். ஏதாவது விழுந்து உடையும். குழந்தை அழும், அந்த அழுகை பாதியில் நின்றுபோகும். பெரியக்கா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், நடுவில் போய் நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று.

பெரியக்காவுக்கு விடுமுறையான ஒருநாள் காலை, அவன் கடைக்குப் போன பிறகு, பெண்சாதி வந்து கதவைத் தட்டினாள். உதடு வெடித்திருந்தது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கம்பிக் கூண்டு. பின்னால் குழந்தை, பள்ளிக்கூடச் சீருடை இல்லாமல்.

"பெரியக்கா, இத கொஞ்ச நாள் வச்சிக்கிறீங்களா? நாங்க அம்மா வீட்டுக்குப் போறோம். அங்க அண்ணி இதச் சேர்க்க மாட்டாங்க."

கூண்டின் மூலையில் ஒரு வெள்ளை முயல் பந்தாகச் சுருண்டிருந்தது. ஒரு காது மட்டும் பழுப்பு. அதன் பெயர் மாப்பிள்ளை என்று குழந்தை சொன்னது. சாப்பாடு வைத்தால் முறுக்கிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுமாம், அதனால் அம்மா வைத்த பெயர். தொட விடாது என்று தாய் எச்சரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு காரணத்தையும் சொன்னாள்.

"இவ அழுகைய நிறுத்தலன்னு, அவரு அதக் காதப் பிடிச்சு பால்கனிக்கு வெளியில தொங்கவிட்டாரு. அதுலேர்ந்து யாரு கை கிட்ட வந்தாலும் அதுக்கு நடுங்குது."

பெரியக்கா கூண்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சலவைக்கூடத்தில் செய்தி பரவியதும் சிரிப்பு தாங்கவில்லை. போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்கும் தோழிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பெரியக்கா வீட்டுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார், எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள். வந்த மாப்பிள்ளை கட்டிலுக்கடியிலிருந்து வெளியிலேயே வரமாட்டேன் என்கிறாரே என்று பெரியக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டில் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் கூண்டைத் திறந்ததுமே அது கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்துகொண்டது, அவள் குனிந்து கையை விட்டுத் துழாவி அதை வெளியே இழுத்தாள். அது பின்னங்காலால் உதைத்ததில் முழங்கை வரை கீறிப்போயிற்று. "ஏய் மாப்பிள்ளை!" என்று அவள் போட்ட சத்தத்தில் அது பாய்ந்து சுவரில் மோதியது. அதன்பின் தீவனத்தில் வாயே வைக்கவில்லை. பயந்துபோய்க் கூண்டோடு தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

மருத்துவர் ஜலதோஷம் பிடித்த ஒரு சின்னப் பெண். மேலேயிருந்து எது இறங்கி வந்தாலும் முயலுக்கு அது பருந்துதான் என்றார். பிடிக்காதீர்கள், தேடிப் போகாதீர்கள், தாழ உட்காருங்கள், அதுவாக வரட்டும் என்று சொல்லி, வயிறு இயங்க மருந்தும் கொடுத்தார். எத்தனை நாளாகும் என்று பெரியக்கா கேட்டாள். அது முயலின் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பெரியக்கா மாறத் தொடங்கினாள். வேலையிலிருந்து வந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை போகக் குளித்தாள். செருப்பை வாசலிலேயே விட்டாள். ரேடியோ போட்டால் அது பின்னங்காலால் தரையை அறைந்தது. அதனால் ரேடியோவை நிறுத்தினாள். கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இடுப்புக்காக வழக்கம்போலத் தரையில் படுத்தாள். பக்கத்தில் கொத்தமல்லித் தழை. கண் கூரையில்.

வெகுநாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. அவள் தூங்கிய பிறகு தழை மட்டும் காணாமல் போகும். பிறகு ஒரு மதியம் குதிகாலில் ஏதோ ஈரமாகப் பட்டது. தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்து அடக்கினாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் முழங்கை வரை வந்து கீறல் தழும்பை முகர்ந்து பார்த்தது. இன்னொரு நாள் கதவு காற்றில் அறைந்து, கிடைத்ததெல்லாம் கைநழுவி, மறுபடியும் கட்டிலுக்கடியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. வேலையிடத்தில் அவளுக்குத் தொண்டை சரியில்லையா என்று கேட்டார்கள். அப்போதுதான் தான் மெதுவாகப் பேசுவதே அவளுக்கு உறைத்தது.

ரேடியோ இல்லாத வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் அவன் தனியாக இருமுவதுகூடக் கேட்டது.

ஒரு சாயங்காலம் அவனே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. மாமியார் வீட்டில் வாசற்படி ஏறவிடவில்லை என்றான், அழுதான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்று கெஞ்சினான். அவன் குரல் கேட்டதும் கட்டிலுக்கடியில் டப், டப் என்று தரை அதிர்ந்தது. என்ன அது என்று அவன் கேட்டான்.

"உன் குரல் அதுக்குத் தெரியுது தம்பி. எனக்கும் தெரியும். சுவரு மெல்லிசு. ரெண்டு வருஷமா எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன்."

அவன் தலைகுனிந்து போய்விட்டான். பெரியக்கா கதவைச் சாத்தினாள். இத்தனை சின்ன வார்த்தை, இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாதங்கள் போயின. மாப்பிள்ளை இப்போது அவள் பாதத்தில் தாடையைத் தேய்த்துவிட்டுப் போகும் அளவுக்கு வந்திருந்தது. ஒரு விடுமுறை நாளில்தான் தாயும் மகளும் வாசலில் வந்து நின்றார்கள். அண்ணிக்குப் பாரமாக எத்தனை நாள் இருக்க முடியும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டார்கள், அவர் மாறிவிட்டார் என்று தாய் கடகடவென்று ஒப்பித்தாள். பெரியக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. முயலை வாங்கிப்போக வந்திருந்தாள்.

பெரியக்கா கூண்டை எடுத்துவந்தாள். அதை எப்படிப் பிடிப்பது? தழையைக் காட்டினால் வரும். வந்ததும் மேலேயிருந்து கையை இறக்க வேண்டும். அவள் கூண்டோடு நின்றுகொண்டிருக்க, மாப்பிள்ளை மெல்ல வெளியே வந்து அவள் காலடியில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொள்ள ஆரம்பித்தது. வாசலில் குத்தவைத்திருந்த குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை.

"வேணாம் பெரியம்மா. இங்கயே இருக்கட்டும்."

"ஏன்டி? தினமும் நீதானே கேட்டு அழுத?" என்றாள் தாய்.

"இங்கதாம்மா அது வெளிய வருது."

தாய் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

அதன்பின் குழந்தை பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்துவிடும். பெரியக்காவுக்குப் பக்கத்தில் அதுவும் தரையில் படுத்துக்கொள்ளும். இரண்டு பேருக்கும் நடுவில் மாப்பிள்ளை போய் வரும். முறுக்கெல்லாம் எங்கே போயிற்று என்று குழந்தை ஒருநாள் ஆச்சரியப்பட்டது. மாமியார் வீட்டில் கவனிப்பு அப்படி என்றாள் பெரியக்கா. குழந்தை அடக்கிக்கொண்டு சிரித்தது. உரக்கச் சிரித்தால் அது ஓடிவிடும் என்று அதற்குத் தெரியும்.

மழைக்காலம் தொடங்கியபோது சுவருக்கு அந்தப்பக்கம் குரல் மறுபடி ஏறியது. பெரியக்கா எழுந்துபோய் அவர்கள் வீட்டு மணியில் விரலை வைத்தாள், எடுக்கவில்லை. அவன் கதவைத் திறந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"பாப்பாவ அனுப்பு தம்பி. முயலுக்குத் தழை வைக்கணும். உன் பொண்டாட்டியும் வரட்டும்."

அவன் கதவைச் சாத்தப் பார்த்தான். அவள் குறுக்கே காலை வைத்துவிட்டாள். இனி ஒவ்வொரு தடவையும் வந்து நிற்பேன், அதற்கும் மேலே போனால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று தாழ்ந்த குரலிலேயே சொன்னாள். குழந்தை அவன் கைக்குக் கீழே புகுந்து வெறுங்காலோடு வெளியே வந்தது. தாய் உள்ளேயிருந்து வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

மறுநாள் படிக்கட்டில் அவளைப் பிடித்துப் பெரியக்கா பேசினாள். மருத்துவமனையில் இப்படி அடிபட்டு வரும் பெண்களுக்காகவே ஓர் அம்மா இருக்கிறார், நானே கூட்டிப் போகிறேன் என்றாள். குழந்தையின் பரீட்சை முடியட்டும் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிச்சயம் வருவதாகப் பெரியக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாள்.

பரீட்சைக்கு முன்னாலேயே, பெரியக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், அவன் வீட்டைக் காலி செய்துவிட்டான். மதியம் அவள் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் அறுந்த கயிறும் ஒற்றைக் காலுறையும் மட்டும். சின்ன லாரி ஒன்று வந்தது, எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றார் காவலாளி. பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அப்பாதான் வந்து சான்றிதழ் வாங்கிப்போனார், விலாசத்தை உங்களுக்குச் சொல்ல முடியாது என்றார்கள். தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மருத்துவமனையில் அந்த அம்மாவிடமும் சொல்லிவைத்தாள். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டுக்கு இப்போது வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அமைதியானவர்கள்.

கோடையில் ஒரு மதியம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளை நட்டநடு அறையில் காலை நீட்டிப் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்து மண்டியிட்டாள். வயிறு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். பயம் விட்டுப்போன முயல் அப்படித்தான் தூங்கும், அதை எழுப்ப வேண்டாம் என்றார் அவர்.

மறுநாள் போர்வை மடிக்கும்போது தோழியிடம் இதைச் சொன்னாள். நல்ல செய்திதானே, அதற்கு ஏன் கண் கலங்குகிறாய் என்று தோழி கேட்டாள்.

"பாப்பா இதப் பாக்கலியே" என்றாள் பெரியக்கா.