வேலு எடுக்காத செருப்புகள்

செருப்புக் காவல் தொழிலில் செருப்பு தொலைவது அரிது. தொலைவதெல்லாம் மனிதர் மீதுள்ள நம்பிக்கைதான். அடுத்தவர் உடைமைக்குக் காவலிருந்து ஏச்சு வாங்கும் அன்பர்களே, உங்களுக்கு இது புதிதாக இராது.

இன்றைக்கு மட்டும்

ராஜகோபுரத்தருகே உள்ள என் கடையில் கீழ்பென்னாத்தூர் வேலுவைச் சேர்த்தபோது தெருவே முகம் சுளித்தது. கிரிவலக் கூட்டத்தில் செருப்பு திருடிச் சிறை சென்றவன் அவன். கார்த்திகை தீபம் வரை ஒரே வேலையில் நிலைத்தால் மகளோடு திரும்பி வருவதாக, அதே ஊரில் தாய்வீட்டிலிருந்த அவன் மனைவி சொல்லியிருந்தாள்.

சில மாதங்கள் குறையின்றிக் கழிந்தன. “நீ திருந்திவிட்டாய்” என்று பாராட்டினேன். செருப்புகளை அடுக்கியபடியே சொன்னான்: “அப்டி சொல்லாதீங்க சார். இன்னிக்கு எடுக்கல. நாளைக்கும் எடுக்காம இருக்கணும். அவ்ளோதான்.”

தங்கமான மனிதர்

பௌர்ணமிதோறும் அன்னதானம் செய்யும் பெரியவர் ஒருவர். ஊரார் அவரைத் தங்கம் என்பார்கள். ஒருநாள் தம் தேய்ந்த செருப்பை விட்டுவிட்டு, அருகிலிருந்த புதியதில் காலை நுழைத்தார். “ஐயா, உங்களுது இதுங்க” என்றான் வேலு, தாழ்ந்த குரலில்.

நல்லவர் என்ற பெயர் கிடைத்ததும் நம் மனம் காவலை விட்டு உறங்கப் போய்விடுகிறது; அன்பர்களே, விழித்திருங்கள். பெரியவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்: “யாருக்கு யாருப்பா பாடம் எடுக்கறது?”

வடக்கு வாசல்

தீபத்துக்குச் சில நாட்களே இருந்தன. நான் பக்கத்து ஊரான வேங்கிக்கால் சென்றிருந்தேன். சென்னைக்காரர் ஒருவர் டோக்கனை நீட்ட, அந்த எண்ணுக்குரிய இடம் காலியாக இருந்தது. “வேலுவைக் கேளுங்க” என்றார் பக்கத்துக் கடைக்காரர். அவன் பையைக் கொட்டினார்கள், மகளுக்கு வாங்கிய கவுன் மண்ணில் விழுந்தது. வேலு அதை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டான்.

சென்னைக்காரர் செருப்பை விட்டிருந்ததோ வடக்குக் கோபுரத்தில். தரிசனம் முடிந்து வேறு வாசலில் வெளியே வந்துவிட்டார். வடக்கு வாசல் கடையின் டோக்கனும் எங்களுடையதைப் போலவே இருக்கும். அவர் மகன் செருப்பை எடுத்து வந்தபோது நானும் திரும்பியிருந்தேன். என்னிடம் சொன்னார்: “சாரிங்க. ஆனா அவன் பழைய ஆளுதானாமே?”

மாமனார்

போனில் வேலு கேட்டான்: “இன்னிக்கும் எடுக்கல சார். மாமனாரு வீட்டுக்கு சேதி போயிடுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?”

அன்றே கீழ்பென்னாத்தூர் போய், நடந்ததையெல்லாம் அவன் மாமனாரிடம் விளக்கினேன். உள்ளிருந்து ஒரு பெண்குழந்தை எட்டிப் பார்த்தது. அவர் கதவைப் பிடித்தபடியே சொன்னார்: “நீங்க அவனுக்கு வேல குடுத்தவரு, அப்டிதான் சொல்வீங்க. அன்னதானம் பண்றாரே, அந்தப் பெரியவரு மாதிரி யாராச்சும் வந்து சொல்லட்டும், அனுப்பறேன்.”

செருப்புக்குக் கொடுத்த டோக்கனை மறவாமல் திரும்ப வாங்கிவிடுகிறோம், மனிதனுக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கத்தான் இந்த ஊரில் ஒரு வாசலும் இல்லை.