மயில் லேபிளுக்கு ஊரில் ஒரே வக்கீல்

அறிவுசார் சொத்துரிமை வழக்கு நடத்தும் வக்கீலுக்கு நல்ல எதிர்காலம் என்று படிக்கும்போது சொன்னார்கள். அதை நம்பி கோவில்பட்டியில் போர்டு மாட்டி மூன்று வருடம் ஆகிறது.

இன்று காலைதான் முதல் கேஸ். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், தன் மயில் லேபிளைப் பக்கத்துத் தெரு முதலாளி காப்பியடித்துவிட்டதாகச் சொன்னார். நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன்.

மதியம் அந்தப் பக்கத்துத் தெருக்காரரே வந்தார்.

"என்மேல கேஸ் போடப்போறாவளாம். நீங்கதான் எனக்காக நிக்கணும்."

"ரெண்டு பேருக்கும் நானே நிக்க முடியாதே அண்ணாச்சி."

"இதுக்கு இங்கன வேற வக்கீல் இல்லையே. சரி, அவியகிட்டயே பேசிக்கிடுதேன்."

என் எதிரிலேயே போன் போட்டார். மயிலுக்குப் பதில் கிளி போடுவதாகப் பத்தே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

யாருக்காவது வரப்புத் தகராறு இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன்.