மட்டி வாய் திறக்கும் நேரம்

ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரைக்குத் திரும்பும் விடிகாலையில், எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே சில நேரம் எனக்கு மறந்துவிடும். கொரியாவின் மேற்குக் கரையிலும் கடல் இப்படித்தான் பின்வாங்கிச் சேற்றைக் காட்டும். இதே டீசல் வாசனை. அங்கே பனிமூட்டம், இங்கே என் அடுப்பு ஆவி.

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். அந்தக் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பல வருடம் பாத்திரம் கழுவி, பிறகு சமைக்கவும் பழகினேன். திரும்பி வந்ததும் மீன் ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு, அதே மாதிரி ஒரு கடை வைத்தேன். மிளகாய் விழுது பூசிச் சுட்ட கணவாய், சேற்றில் எடுத்த மட்டிச் சிப்பியில் சாறு, சோறு.

கொரியாவில் அந்தக் கடையை நடத்திய அம்மாவின் முறை இது: ஆள் உட்கார்ந்ததும் சின்னத் தட்டுகளில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், இனிப்பாக வறுத்த நெத்திலி, பயறு முளை எல்லாம் வைத்துவிட வேண்டும். அதை அவர்கள் கொறிக்கத் தொடங்கிய பிறகுதான் மட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டும். வாய் திறந்த நொடியில் இறக்காவிட்டால் மட்டி ரப்பராகிவிடும்.

நானும் அப்படியே செய்தேன். தட்டுகளை வைத்துவிட்டு, முகம் பார்க்கக் கூசி, சமையலறைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "சாப்பிட ஆரம்பிங்க" என்று உள்ளிருந்தே சொல்வேன். என் குரல் எனக்கே கேட்காது. துணி இடுக்கு வழியாகப் பார்த்தால், ஒரு கையும் தட்டுக்குப் போயிருக்காது.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்கார வெச்சிட்டாரு?" என்பார் ஒரு படகுக்காரர்.

"பொண்ணுதான் திரைக்குப் பின்னாடி நிக்கிதுல்ல" என்பார் இன்னொருவர்.

சிரித்துவிட்டு எழுந்து பரோட்டா கடைக்குப் போய்விடுவார்கள். பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு தட்டுகளை எடுப்பேன்.

இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் என் மனைவி கடைசியில் சொல்லிவிட்டாள். "இந்த மாசத்தோட பாருங்க. அப்பறம் பரோட்டாக் கல்லு போட்டுருவோம். இங்கிட்டு யாரு திங்கிறா இதெல்லாம்?"

அந்தக் கல் வந்துவிட்டால் அந்தக் கொரியக் கரை முழுவதும் கையைவிட்டுப் போய்விடும் போல இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அவளே பசியோடு வந்து மேசையில் உட்கார்ந்தாள். தட்டுகளை வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். அவள் கையும் மடியிலேயே கிடந்தது. வெளியே படகுகள் மெல்ல ஆடின. அந்த வெயிலிலும் எனக்கு எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தது.

"என்னங்க, சோறு வருமா வராதா?" என்று கத்தினாள்.

"அதத் தின்னுக்கிட்டு இருக்கலாம்ல?"

"சோறு வராம எதுக்குங்க தொட்டுக்கிறது? ஒங்களுக்கென்ன கிறுக்கா?"

எத்தனை பந்தியில் நானும் இலை நிறையக் கறியிருக்க, சோறு விழட்டும் என்று கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறேன்! இத்தனை நாளும் படகுக்காரர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள், நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன்.

சோற்றைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் கை உடனே நெத்திலிக்குப் போனது. ஓடிவந்து மட்டியை ஏற்றினேன். சாற்றை ஒரு வாய் குடித்தவள், "உப்பு கம்மி" என்றாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

பரோட்டாக் கல் இன்னும் வாங்கவில்லை. இப்போது படகுக்காரர்கள் வந்தால் முதலில் சோறுதான். கைகள் தட்டுகளுக்கு இறங்குவதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு மட்டியை அடுப்பில் ஏற்றுகிறேன். ஆவிக்குள் மட்டிகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும் சத்தம் கேட்கிறது. அந்த நேரத்தில் நான் எந்தக் கரையில் நிற்கிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.