களப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

கயாக் வாடகைக்கு விடுகிறவனுக்குத் தண்ணீரால் வருகிற தலையிடியைவிட, தண்ணீரில் இறங்கியவர்களின் வாயால் வருகிற தலையிடிதான் கூட. நீங்களும் வாடிக்கையாளர்களோடு மாரடித்துப் பிழைக்கிறவராக இருந்தால் இதை நான் விளக்கத் தேவையில்லை.

முல்லைத்தீவில் கடலுக்கு இந்தப் பக்கம், மணல்திட்டு மறித்த உப்புத்தண்ணீர்ப் பரப்பாக ஒரு களப்பு. அதன் கரையில் நானும் கூட்டாளி றமீசும் சில கயாக்குகள், நின்றபடி துடுப்பு வலிக்கிற பலகைகள், தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறோம். காலையில் காற்று விழுந்த நேரம் களப்பு எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடக்கும். அதில் முதல்முதல் துடுப்பைப் போடுகிற சுகத்துக்காகத்தான் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்தேன். அந்த ஆசை இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. அவர் என் மாமி, மனைவி சுகந்தியின் அம்மா. கொட்டிலில் பிளேன்ரீயும் மீன் ரோல்ஸும் அவாவின் பொறுப்பு. சண்டையின் கடைசி நாட்களில் சனம் இந்தக் களப்பைக் கடந்தபோது அவாவின் மகன் ஜெகன் கூட்டத்துக்குள் கை தவறிப் போனான். இருக்கிறானா, இல்லையா என்று மாமி கேட்காத இடமில்லை. ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் கொட்டிலில் அவா களப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தேத்தண்ணீர் ஆற்றுவா.

மஞ்சள், திரும்புங்கோ

இங்கே இறாலுக்கு வலை வீசுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. களப்புக்குள் போய்விட்டால் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். விசிலடிப்பார்கள், இல்லாவிட்டால் "ஓய், நீலவலை" என்பார்கள். ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் கேட்குமாம், அவர்கள் எல்லோரும் கரையில் இருக்கிறவர்கள் இல்லையாம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இறால்காரரைப் பகைத்துக்கொண்டு களப்பில் தொழில் செய்ய முடியாது. அதனால் நாங்களும் கயாக்கின் நிறத்தைச் சொல்லித்தான் ஆட்களைக் கூப்பிடுகிறோம். மஞ்சள், திரும்புங்கோ. பச்சை, கண்டல் மரங்களுக்குள்ள போகாதேங்கோ. வருகிறவர்கள் இதை ஏதோ கம்பெனி ஸ்டைல் என்று நினைத்து ரசிப்பார்கள்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை மட்டும் விடவில்லை. பெயர் சொன்னால் என்ன, தண்ணீர் வந்து பிடித்துக்கொள்ளுமா என்று றமீசைச் சீண்டிக்கொண்டே இருந்தாள். அவன் அவளுடைய லைஃப் ஜக்கெற்றின் வாரை இறுக்கியபடி, சிரிக்காமல் சொன்னான்:

"தண்ணி பிடிக்காது தங்கச்சி. திரும்பிப் பாக்கும், அவ்வளவுதான்."

முன்சீட்டுக்காரர்

இரட்டைக் கயாக்கில் ஒருவர் தனியே பின்னால் இருந்தால் அதன் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். காற்றடித்தால் நேரே போகாது, சுற்றிக் கிறுகும். வவுனியாவில் போன் கடை வைத்திருக்கிற ஒருவர் பிடிவாதமாக அதைத்தான் தனியே எடுத்துப் போனார். போகும்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. திரும்பி வரும்போது மட்டமாக, கோடு பிடித்ததுபோல நேரே வந்தது. உள்ளே தண்ணீர் ஏறிவிட்டதாக்கும் என்று கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சிரட்டை அளவுகூட இல்லை. முன்சீட்டு மட்டும் ஆள் எழும்பிப் போன மாதிரி நனைந்திருந்தது. காற்று மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதர் பயந்ததாகவும் தெரியவில்லை. களைத்துப்போய் மணலில் இருந்துகொண்டு சொன்னார்:

"முன்னுக்கு இருந்தவர் நல்லா வலிக்கிறார் அண்ணை. நான் ஒண்டும் கதைக்கேல்லை, அவரும் கதைக்கேல்லை."

பலகையில் யோகா

திருகோணமலையிலிருந்து ஒரு யோகா ரீச்சர் வந்தா. பலகையில் நின்று, இருந்து, கடைசியில் காதைப் பலகையில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டா. நித்திரையாகிவிட்டாவோ என்று பார்க்க நான் கிட்டப் போனேன். நெஞ்சளவுத் தண்ணீர்தான், பயப்பட ஒன்றுமில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவர்போல விரலை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னா. பிறகு மெதுவாக எழும்பியிருந்து, கரைக்குக் கொண்டுபோய் விடும்படி கேட்டா. கரையில் இறங்கியதும்தான் கேட்டா:

"தண்ணிக்கு அடியில ரோட்டு ஏதும் கிடக்கோ? நிறையச் சனம் நடந்து போற சத்தம் கேக்குது."

ரவி

கனடாவிலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். தம்பியின் பெயர் ரவி. கை நோகிறதென்று அவர் முதலே கரையேறி, மாமிக்குப் பக்கத்தில் மரவாங்கில் குந்தியிருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் நடுக்களப்பில் நின்று பார்த்திருக்கிறார், தம்பியைக் காணவில்லை. பயத்தில், நாங்கள் படித்துப் படித்துச் சொன்னது எல்லாம் மறந்துபோய், "ரவி, ரவி" என்று கத்தத் தொடங்கினார். தம்பி இங்கே இருக்கிறார் என்று நான் கையைக் காட்டினேன். அப்போது கண்டல் மரங்களுக்குள் இருந்து ஒரு குரல் "வாறன்" என்றது. இளம் ஆம்பிளையின் குரல், அவசரமே இல்லாத குரல். கொட்டிலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாமி ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணீர் கோப்பைக்கு வெளியே ஊற்றுண்டது.

மாமி கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கரைக்கு வந்து என்னைப் பிடித்து ஏசினார். இவ்வளவு கத்தியும் ஒரு சத்தம்கூட வரவில்லையாம். அந்த "வாறன்" அவருக்குக் கேட்கவே இல்லை. அதை நான் அன்று பெரிதாக எடுக்கவில்லை, ஏச்சிலிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது. அண்ணன் கால் கழுவப் போன பிறகுதான் ரவி வாயைத் திறந்தார்.

"நான் இங்க இருக்கிறன். அப்ப அங்க ஆர் வாறன் எண்டது?"

மாமிக்கு ஒரு ஜக்கெற்

மறுநாள் மாமி களப்பைப் பார்த்தபடி தேத்தண்ணீர் ஆற்றினா. அந்தக் கிழமை முடிய முதலே, தொங்கிக்கொண்டிருந்த லைஃப் ஜக்கெற்றைக் காட்டி, தனக்கும் ஒன்று வேண்டும் என்றா. சுகந்தி அழுதாள், சண்டை பிடித்தாள். பதில் வந்தால் அம்மாவில் மிச்சம் என்ன இருக்கும் என்று என்னைக் கேட்டாள். எனக்கும் அதே பயந்தான். மாமி மசியவில்லை.

"தம்பி, அரசாங்கக் கந்தோர் கந்தோராக் கேட்டுப் பாத்திட்டன், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இது பதில் சொல்லுது. சொன்னா அவன் இங்க. சொல்லாட்டி எங்கையோ உயிரோட இருக்கிறான். எதெண்டாலும் எனக்குத் தெரியவேணும்."

காலையில் காற்று விழுந்த நேரம் சிவப்பு இரட்டைக் கயாக்கை எடுத்தோம். சுகந்தி வர மறுத்துவிட்டாள். றமீஸ் கரையில் நின்றான். மாமி முன்சீட்டில், நான் பின்னால். நடுக்களப்பில் துடுப்பை மடியில் வைத்தேன். மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூப்பிட்டா. அழுகை இல்லை. விளையாடப் போனவனைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற சாதாரணக் குரல்.

"ஜெகன், வாடா."

காத்திருந்தோம். ஒரு கூழைக்கடா எழும்பிப் பறந்தது. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேறு ஒரு சத்தமும் இல்லை, சத்தியமாக இல்லை. மாமி திரும்பவும் கூப்பிட்டா. திரும்பவும் ஒன்றுமில்லை. நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

"இங்க இல்லை," என்றா மாமி.

பிறகு தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்தா. எவ்வளவு இளஞ்சூடாக இருக்கிறது என்றா. தூரத்தில் தெரிகிற பாலம் வரைக்கும் போவோமா என்று கேட்டா. போகும்போது நான் வலிக்கிற விதத்தில் பிழை பிடித்தா, கொக்குகளைக் காட்டினா, சிரித்தா. கலியாணம் முடித்த நாள் தொடக்கம் நான் அவாவை அப்படிச் சந்தோஷமாகக் கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை, நான் பின்சீட்டில்.

கரைக்கு வந்ததும் மகளுக்குப் போன் எடுக்க மாமி கொட்டிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனா. கயிற்றைக் கட்ட வந்த றமீஸ் அதைக் கட்டாமல் மணலில் போட்டான். மாமிக்குக் கேட்காத தூரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னான்:

"அவா கூப்பிட்ட ரெண்டு தரமும் 'வாறன் அம்மா' எண்டு கரைக்குக் கேட்டுது. கத்தினது நீதான் எண்டு எனக்குச் சொல்லு."

துடுப்பு வலிக்க யாருக்கும் அரை மணித்தியாலத்தில் பழக்கிவிடலாம், ஆனால் மாமி தினமும் காலையில் சிரித்துக்கொண்டு சிவப்புக் கயாக்கில் போகும்போது கரையில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் பழகாத வேலை.