கடைசி பெஞ்சில் பர்வீன் மேடம்

வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தும்போது செய்தி வந்தது: இயற்பியல் துறைப் பேராசிரியர் பர்வீன் மேடம் காலமானார். எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. முதல் படம் வேதியியல் துறைத் தலைவருடையது. உலகச் சுற்றுச்சூழல் மாற்றம் பற்றி எல்லாத் துறை மாணவர்களுக்கும் மேடமும் நானும் சேர்ந்து நடத்திய பாடத்துக்கு "கிச்சடி கோர்ஸ்" என்று பெயர் வைத்தவர் அவர்தான். இப்போது கைகூப்புகிறார். நான் எதையும் எளிதில் மறப்பவனல்ல.

மேடம் அந்தப் பெயருக்குக் கோபப்படவே இல்லை. ஆசிரியர் அறையில் அந்தத் தலைவரின் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "கிச்சடிதான் சார். பசிக்கிறவங்களுக்கு அதான் சீக்கிரம் வேகும்."

அந்தப் பாடத்தில் அவர் வைத்த விதி ஒன்று. எந்த வகுப்பிலும் இரண்டு துறை ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஒருவர் நடத்துவார், மற்றவர் கடைசி பெஞ்சில் மாணவர்களோடு உட்கார்ந்து, புரியாத இடத்தில் கை தூக்க வேண்டும். நான் பொருளியல். முதல் நாளே என் வகுப்பில் நான்கு முறை கை தூக்கினார். "சார், புரியல. திருப்பி சொல்லுங்க." மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த வாரம் அதே மாணவர்கள் அவரைப் போலவே கை தூக்கத் தொடங்கினார்கள்.

பாடத்தின் செய்முறையாக அடி அண்ணாமலை கிராமத்தில் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தோம். ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒருநாள் மதியம், கயிற்றில் கல் கட்டி இறக்கினோம். மட்டம் கிடுகிடுவென இறங்கியது. பருவநிலை மாற்றம் நம் ஊர்க் கிணற்றுக்கே வந்துவிட்டது என்று கட்டுரை எழுதிவிட்டேன். கடைசி வாரம் கிணற்றுக்காரர் கன்னியம்மா எங்கள் வரைபடத்தைப் பார்த்தார்.

"கரண்ட்டு வர்ற நேரத்த மாத்தி வுட்டதுலேர்ந்து மத்தியானம் மோட்டாரு ஓடுது. ஓடறப்ப அளந்தா தண்ணி கீழதான் இருக்கும். காலைல வந்து பாக்கறதுதான? இத்தினி பேர் படிச்சிட்டு வந்து ஒருத்தரும் கேக்கல."

திரும்பும் வழியில் மேடம் சொன்னார்: "கரண்ட்டு என் பாடம். அத யாருக்கு எப்ப தர்றதுங்கறது உங்க பாடம். ரெண்டு பேருமே கேக்கல பாருங்க."

பாடம் தொடருமா நிற்குமா என்று பாடத்திட்டக் குழு முடிவெடுக்க இரண்டு வாரங்களே இருந்தன. கிணற்றில் நாங்கள் செய்த தவறைச் சொல்லும் பக்கத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம் என்று மேடத்திடம் கெஞ்சினேன். அவர் அதை முதல் பக்கத்தில் வைத்தார். கூட்டத்தில் வேதியியல் துறைத் தலைவர் சத்தமாகவே சிரித்தார். வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர் மட்டும், "தவறைக் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார். மேடம் சொன்னார்:

"அடி அண்ணாமலை கன்னியம்மா. அடுத்த பருவத்துல முதல் வகுப்பு அவங்கதான் எடுக்கறாங்க."

பாடம் பிழைத்தது. ஒப்புதல் கடிதத்தில் என் பெயரை விட்டிருந்தார்கள். மேடம் தன் பேனாவால் அதைச் சேர்த்து, சுருக்கொப்பமிட்டு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினார். அவரைத் துறைத் தலைவராக்காமலே ஓய்வுக்கு அனுப்பியது இந்தக் கல்லூரி. அதன் பிறகும் திங்கள்தோறும் ஆட்டோ பிடித்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் மாணவர்கள் இன்று எந்த வேலையில் இருந்தாலும், எதையும் அளக்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்கள். இந்தக் கல்லூரியில் நான் பெருமைப்படும் காரியம் அது ஒன்றே.

அவர் போன மறுவாரம் இரண்டாவது ஆசிரியர் இல்லாமல் வகுப்பைத் தொடங்க முடியாமல் நின்றேன். கதவைத் திறந்துகொண்டு வேதியியல் துறைத் தலைவர் வந்தார். நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் கை தூக்கினார்.

"சார், புரியல."

அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விதிதான். சாக்பீஸை எடுத்து, முதலிலிருந்து சொன்னேன்.