கௌதமி அக்காவும் ஜீவனஹள்ளியின் பூட்டிய வீடும்

கௌதமி அக்கா இறந்துவிட்டார்.

காலை ஏழு மணிக்கு அவருடைய மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்கக்கா" என்றாள். 

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். பெங்களூரில் கால் சென்டரில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் சின்ன கிச்சன் ஒன்று நடந்தது. சமைத்துச் சாப்பிட முடியாத வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு. சமையல் கௌதமி அக்கா. கொண்டுபோய்க் கொடுப்பது என்னை மாதிரி வாலண்டியர்கள்.

அக்காவுக்கு ஊர் கே.ஜி.எஃப், கோலார் தங்கவயல். சுரங்கம் மூடியதும் கணவருக்கு வேலை போய்விட்டது. அக்கா விடியற்காலை ரயிலில் வருவார், சமைப்பார், எங்களுக்கு ஜெய்பீம் சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவார். தினமும்.

கேரியர் பிடியில் நூல் கட்டி வைப்பார். சிவப்பு என்றால் உப்பு கம்மி. பச்சை என்றால் சுகர். வெள்ளை என்றால் பல் கிடையாது, கீரை, பருப்பு, முட்டை எல்லாம் சோற்றோடு மசித்தது.

முதல் நாள் நான் பத்து நிமிடத்தில் நாலு வீடு முடித்துவிட்டுப் பெருமையாக வந்து நின்றேன். "குடுத்துட்டு ஓடி வராதம்மா. ஒரு வாய் துன்றதப் பாத்துட்டு வா" என்றார். ட்ரெயினிங் அவ்வளவுதான்.

ஜீவனஹள்ளியில் ரத்னம்மா என்று ஒருவர். ஒரே மகன், செக்யூரிட்டி வேலை, பன்னிரண்டு மணி நேர டூட்டி. அம்மாவை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவார். இரண்டு தடவை ரத்னம்மா வீட்டை விட்டு இறங்கி, திரும்ப வழி தெரியாமல் மெயின் ரோட்டில் நின்றிருக்கிறார்.

ஜன்னல் கம்பிக்குள் கேரியர் நுழையாது. அக்கா எங்கேயோ தேடி ஒரு தட்டையான டப்பா வாங்கிவந்தார். அதில்தான் ரத்னம்மாவுக்குச் சாப்பாடு.

ஒருநாள் அவர் ஜன்னலுக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தால் தரையில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது. என்னையே பார்க்கிறார். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்... எட்டவில்லை.

போன் செய்ததும் அக்கா ஆட்டோ பிடித்து வந்தார். தெருமுனை வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து பூட்டை அறுக்கச் சொன்னார். மகன் சண்டைக்கு வருவான் என்று பக்கத்து வீட்டில் பயந்தார்கள். அக்கா காதில் வாங்கவில்லை.

நல்லவேளை, மயக்கம்தான். அக்கா மடியில் சாய்த்துக் கஞ்சி புகட்டினார்.

மகன் வந்தார். சண்டை போடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் இன்னாக்கா பண்றது? வேலைக்குப் போவலன்னா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."



மறுநாள் புதுப் பூட்டு வந்தது. மகன் ஒரு சாவியை எங்களிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் நான் திறக்க வேண்டும், ஊட்ட வேண்டும், வெளியே வந்து பூட்ட வேண்டும். "பீகா ஹாக்பேடம்மா" என்பார் ரத்னம்மா கன்னடத்தில். பூட்டாதேம்மா என்று. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்வார்.

ஒருநாள் நான் பூட்டவில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூணு மணிக்கு, ஆளைக் காணோம் என்று தகவல் வந்தது. அக்கா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு என் ஸ்கூட்டியில் ஏறினார். ஒவ்வொரு சந்து, காக்ஸ் டவுன் மார்க்கெட், பஸ் ஸ்டாப்... எங்கேயும் இல்லை.

ஆறு மணிக்கு ரயில்வே லைன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இல்லை. கால் கட்டைவிரலில் ரத்தம். எங்களைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

மகன் யூனிஃபார்மோடு ஓடிவந்தார். யார் கதவைத் திறந்து போட்டது என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "நான்தாம்பா. மறந்துட்டேன்."

அவர் அக்காவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று அக்காவுக்கு ரயிலும் போய்விட்டது.

மறுநாள் என்னோடு அவரே வந்தார். அவரே ஊட்டினார். அவரே பூட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பூட்டை இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து ரத்னம்மாவின் குரல்...

திரும்பும்போது, "நாம செய்யறது சரியாக்கா?" என்று கேட்டேன்.

"தெரிலம்மா" என்றார் பின்சீட்டிலிருந்து. 

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ரத்னம்மா இறந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எங்களுக்கு லீவு. திங்கட்கிழமை டப்பாவோடு போய் நிற்கிறேன், கதவு அகலத் திறந்து கிடக்கிறது.

கிச்சனுக்கு வந்து சொன்னதும் அக்கா அந்த டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த சோற்றை என்னைச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.

போன மாதம் கே.ஜி.எஃப் போயிருந்தேன். அக்கா ஆளே பாதியாகியிருந்தார். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்னம்மாவின் மகனிடம் எனக்காகத் திட்டு வாங்கியதைப் பற்றிப் பேச நினைத்தேன். அவர் நான் சென்னைக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆனதைப் பற்றிக் கேட்டார், தன் மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார். அதற்குள் தூங்கிவிட்டார்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். சென்னையிலிருந்து கிளம்பிய பஸ் இன்னும் ஆம்பூர் தாண்டவில்லை. முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்திருக்கிறது என்கிறார்கள். இப்போதே மணி இரண்டரை.

முகம் பார்க்க முடியாது போலிருக்கிறது அக்கா.

ஜெய்பீம்.